கொக்கி தைப்பவள் ஓடவிட்ட மாப்பிள்ளை

அன்புள்ள சித்திக்கு,

வணக்கம். நீங்களும் சித்தப்பாவும் சுகமாக இருப்பீர்கள். நானும் சுகம்தான், என் மானம் மட்டும் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து என்னை அழைத்துக்கொண்டு போய்விடுங்கள். வகுப்பில் எழுந்து பதில் சொல்லக் கூசியே படிப்பை விட்டவள் நான். தையல் கடையில் சேர்த்துவிட்டபோது, "வாயத் தொறந்து நாலு வார்த்தை பேசுடி" என்றீர்கள். பேசிவிட்டேன் சித்தி. அதுதான் வினை.

கடையில் தையல்கார அக்காக்கள் எல்லோரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைக்கிற எனக்கு மட்டும் எதிரே டிவி. மத்தியானத் தொடர் ஆரம்பித்தால், "என்னடி ஆச்சு, என்ன சொல்றா?" என்று திரும்பாமலே கேட்பார்கள். அத்தனை மெஷின் ஓடுகிற சத்தத்தில் எனக்கு மட்டும் என்ன கேட்கும்? கேட்கவில்லை என்று சொல்லவும் கூச்சம். அதனால் முகங்களைப் பார்த்து வசனத்தை நானே சொல்லிவந்தேன். அழுதால் மாமியார் கொடுமை, முறைத்தால் சொத்துத் தகராறு. முந்தாநாள் மணமேடையிலிருந்து மாப்பிள்ளை சட்டென்று எழுந்து வெளியே போனான். எனக்கு எங்கிருந்துதான் அந்தத் தொண்டை வந்ததோ, "ஐயையோ, மாப்பிள்ளை ஓடிட்டான்! கல்யாணம் நின்னுபோச்சு!" என்று கத்திவிட்டேன். அதே நேரம் மகளின் கல்யாண ஜாக்கெட்டை வாங்க ஓர் அம்மா கதவைத் திறந்தார். "நெசமாவாடி?" என்று என்னையே கேட்டார். யார் எது கேட்டாலும் தலையாட்டுவது என் பழக்கம். ஆட்டினேன். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெட்டுத்துணி மூட்டைமேல் சாய்ந்து, போனை எடுத்துச் சம்பந்தியிடம், "உங்க பையன் எந்தப் பக்கம் ஓடினான்?" என்று அழுதார். செய்தி போய், பக்கத்துத் தெரு சலூனில் இருந்த நிஜ மாப்பிள்ளை பாதி வெட்டிய தலையோடு ஓடி வந்து, "அத்தை, நான் ஓடல! இங்கதான் இருக்கேன்!" என்று மூச்சு வாங்கினார். முதலாளியம்மா என்னைப் பார்த்து, "ஊமைக்கோட்டான்னு நெனச்சேன். நீ வாயத் தொறந்தா ஊர்ல ஒரு கல்யாணம் மிஞ்சாது போலிருக்கே!" என்றார். அன்றிலிருந்து என் ஸ்டூலும் சுவரைப் பார்க்கிறது. இனி யாரிடமும் பேசுவதாக இல்லை.

சித்தப்பாவுக்கு என் வணக்கம், வாண்டுப் பயலுக்கு ஒரு முத்தம். நீங்கள் எல்லோரும் சத்தமில்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாயில்லாப் பூச்சி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் முன், அந்தத் தொடரை மறு ஒளிபரப்பில் வீட்டில் சத்தத்தோடு பார்த்தேன். மாப்பிள்ளை ஓடவில்லை; மாமனாருக்கு நாற்காலி எடுக்கப் போயிருக்கிறான். மாமியாரும் தங்கமானவளாம். இன்று கடையில் தட்டுத்தடுமாறி உண்மையைச் சொன்னேன். மெஷின்கள் எல்லாம் நின்றன. முதலாளியம்மா, "டிவிக்காரங்க கதை கெடக்கட்டும்டி. நீ ஓடவிட்டியே, அவன் எங்க போனான்? அதச் சொல்லு" என்றார். விட்டுப்போன ஜாக்கெட்டை வாங்க வந்திருந்த அந்த அம்மாவும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் சித்தி. அவனை நான் இன்னும் ரயில்கூட ஏற்றவில்லை.