அப்பாவின் தகரமும் என் குருவி வகுப்பும்

“வயலிலை குருவி கலைக்கிற வீட்டுப்பிள்ளை நீர். குருவி பார்க்கச் சொல்லிக் குடுக்கப்போறீரோ?”

எங்கள் பள்ளிக்கூட அதிபர் அப்படிக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் முதன்முதல் பள்ளிக்கூடம் போனவள் நான். ரீச்சராகவும் ஆகிவிட்டேன். பத்திரிகையின் சிறுவர் பக்கத்தில் கிளி, மைனா பற்றி எழுதுகிறேன். (அப்போது என் தலை, வாசல் நிலையில் இடிக்கும் அளவுக்கு நிமிர்ந்திருந்தது.)

“ஒருக்கா வந்து பாருங்கோ சேர்.”

“வாறன். பிள்ளையள் ஒண்டும் பார்க்கேல்லையெண்டால் இந்த வகுப்பு வேண்டாம்.”

சனிக்கிழமை காலை, உருத்திரபுரத்தில் எங்கள் வயலோர வாய்க்காலடி மருத மரத்தின் கீழ் பிள்ளைகளோடு நின்றேன். நெல் முற்றும் காலம். வயல் நிறையக் குருவிகள். வெள்ளை வேட்டி சட்டையில் அதிபர் சைக்கிளில் வந்து இறங்கினார். “மூச்சும் பெரிசா விடக்கூடாது” என்று பிள்ளைகளை எச்சரித்தேன். அப்பாவிடம் சொல்லத்தான் மறந்துபோனேன்.

மகளின் அதிபர் பார்த்திருக்கத் தன் வயலில் குருவி மேய்வதா? வயலில் நின்ற அப்பா, குருவி கலைக்கும் தகரத்தை எடுத்து அடித்தார். கலைந்த குருவி தன் வயலில் இறங்கும் என்று பக்கத்து வயல்காரரும் அடித்தார். அந்தச் சத்தம் கேட்டு அடுத்தவர். (எங்கள் பக்கத்து வழக்கம் அது.) சற்று நேரத்தில் வாய்க்கால் நெடுகத் திருவிழா. வயலில் ஒரு குருவி இல்லை.

“எங்கை ரீச்சர் குருவி?” என்றார் அதிபர்.

வாய்க்காலில் குதிக்கலாம் போலிருந்தது. (முழங்காலளவுத் தண்ணீர்தான்.)

அப்போது தலைக்கு மேலே இரைச்சல். அந்த வெளியிலேயே தகரம் அடிபடாத இடம் நாங்கள் நின்ற மரத்தடி ஒன்றுதான். கிளி, மைனா, புறா எல்லாம் அந்த மரத்தில் வந்து இறங்கின.

“ரீச்சர், கிளிக்குக் கழுத்திலை சிவப்பு வளையம்!”

“மைனாவுக்குக் கண்ணைச் சுத்தி மஞ்சள்!”

நான் எழுதியதையெல்லாம் பிள்ளைகள் எனக்கே காட்டினார்கள். அப்பாடா என்று மூச்சு விட்டேன். அதே கணம் அதிபரின் தோளில் சொத்தென்று ஏதோ விழுந்தது. அவர் மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

“இது என்ன குருவி?”

“புறாவா இருக்கும், சேர்.”

“வகுப்பை நடத்தும். நான் இனி வரேல்லை.”

வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா இன்னும் இதைத்தான் சொல்வார்: “நான் கலைச்சுக் குடுத்தபடியால்தான் இவளின்ரை வகுப்பு நிலைச்சது!”

வருகிற சனிக்கிழமை பிள்ளைகளோடு நாயாற்றுக் கடலேரிக்குக் குருவி பார்க்கப் போக பஸ் பேசிவிட்டேன். அப்பாவும் வருகிறார். தகரத்தை நேற்றே குசினி அலுமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டேன்.