பூட்டு சாரும் நீலப் பொட்டும்

"சார், அழிஞ்சு போச்சேன்னு கவலப்படாதீங்க. கன்ட்ரோலோட இசட்டை அழுத்துங்க, திரும்பி வந்துடும்."

வராந்தாவில் எதிரே வந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். வரலாற்று ஆசிரியர் நின்ற இடத்திலேயே நின்றார். மடிக்கணினியில் அவர் அடித்து வைத்திருந்த அரைப் பக்கம் இப்போதுதான் காணாமல் போயிருந்தது. அந்த நேரம் அறையில் அவரும் ஒரு மின்விசிறியும்தான் இருந்தார்கள். மின்விசிறியும் ஓடவில்லை.

அறைக்குத் திரும்பிப் போய் அழுத்திப் பார்த்தார். அரைப் பக்கம் வந்தது. கூடவே, அழிந்தது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்ற சந்தேகமும் வந்தது.

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் பூட்டு சார். சாக்பீஸ் டப்பாவுக்கே பூட்டுப் போட்டவர். அதற்காகவே தலைமையாசிரியை இந்த ஆண்டின் வினாத்தாளை அவரிடம் ஒப்படைத்திருந்தார். போன வருடத் தாள் முன்கூட்டியே வெளியாகி, தயாரித்தவர் வேலையை விட்டே போக வேண்டியதாயிற்று.

"உங்ககிட்டருந்து காத்துகூட வெளிய போகாது சார்," என்றிருந்தார் தலைமையாசிரியை.

"ஒருவேளை போயிட்டா?"

"பின்னாலயே நீங்களும் போக வேண்டியதுதான்."

அவர் சந்தேகம் நேராகக் கணினி டீச்சர் மேல் பாய்ந்தது. போன வாரம் ஹாலின் பெரிய திரைக்கு முன்னால் நடந்த கூட்டத்தில் அவள் எழுந்து, "கம்ப்யூட்டர்ல உங்களுக்குத் தெரிஞ்ச சின்னச் சின்ன வழியெல்லாம் தெரியாதவங்களுக்குச் சொல்லுங்க. டீச்சர் பசங்களுக்குச் சொல்லலாம், பசங்க டீச்சருக்குச் சொல்லலாம். எல்லாம் இலவசம்," என்றாள். பிறகு ஒவ்வொரு ஆசிரியரின் மடிக்கணினியையும் வாங்கி என்னவோ செய்தாள். அவருடையதையும்தான்.

"வேண்டாம்னா இந்த நீலப் பொட்டை அழுத்துங்க சார், நின்னுடும்," என்று முடித்தபோது அவர் காதில் எதுவும் விழவில்லை. அவள் விரல் தன் கோப்புகள் பக்கம் போகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து திரையின் மூலையில் அந்தப் பொட்டு இருந்தது. தெரியாத எதையும் தொடக் கூடாது என்பது அவர் கொள்கை. தொடவில்லை.

முதல் வேலையாக கேமரா மேல் பிளாஸ்திரி ஒட்டினார்.

மறுநாள் நூலகர் அம்மா வழிமறித்தார். "எதுக்கு சார் கால்குலேட்டர்ல கூட்டிக் கூட்டிக் கஷ்டப்படறீங்க? மார்க் போடற கட்டமே கூட்டிக்குமே!"

"நான் கூட்டினது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பாவம், ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டீங்களே!"

அங்கேயே செய்தும் காட்டினார். ஒரு மாலை முழுக்க இழுக்கும் வேலை டீ ஆறுவதற்குள் முடிந்தது. நன்றிக்குப் பதில் பூட்டு சார் ஒரு கேள்வி கேட்டார்.

"இதுல உங்களுக்கு என்ன லாபம்?"

"நாளைக்கு எனக்குத் தெரியாதத நீங்க சொல்ல மாட்டீங்களா என்ன?"

பூட்டு சார் சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, 'கணினிக்குள் உளவாளி இருந்தால் கண்டுபிடிப்பது எப்படி' என்று தேடினார். அரை மணியில் விளையாட்டு ஆசிரியர் எதிரில் வந்தார்.

"என்ன சார், உளவாளி மாட்டினானா?"

வீட்டில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "சும்மா சொல்லித் தந்தா வாங்கிக்கறதுதானே?"

"சும்மா யாருடி குடுப்பா?"

"இத்தன வருஷமா நான் சும்மாதான் சமைச்சுப் போடறேன். என் மேலயும் ஒரு பிளாஸ்திரி ஒட்டிடுங்க."

பொறுக்க முடியாமல் கணினி டீச்சரையே பிடித்தார். "என் கம்ப்யூட்டர்ல என்னம்மா வச்சிருக்க?"

அவள் முகம் மலர்ந்தது. "நீங்க இவ்வளவு ஆர்வமா கலந்துக்குவீங்கன்னு நான் நெனைக்கவே இல்ல சார். பசங்க எல்லாம் இப்ப உங்க விசிறிங்க."

கிண்டல். சந்தேகமே இல்லை.

வினாத்தாளைப் பள்ளிக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று உத்தரவு. ஹால் மேடைக்குப் பின்னால் விளையாட்டுச் சாமான்கள் போடும் அறை ஒன்று இருந்தது. அதற்குள் போய் உள்பக்கம் தாழிட்டார். தாழை நம்பாமல் பூட்டும் போட்டார். ஜன்னலைப் பழைய பாயால் மறைத்தார். கிழிந்த கால்பந்துகளுக்கு நடுவே உட்கார்ந்து அடிக்கத் தொடங்கினார்.

வேலை வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. அழிந்தது திரும்பி வந்தது. மதிப்பெண்கள் தாமே கூடிக்கொண்டன. யார் சொன்னால் என்ன, நல்ல வழிகள்தான் என்று முதல்முறையாக மனசு இளகியது. உடனே சுதாரித்துக்கொண்டு, கதவிடுக்கில் கண்ணை வைத்து மேடை வழியே ஹாலைப் பார்த்தார்.

படிப்பு நேரம். மாணவர்கள் வரிசையாக உட்கார்ந்து, நிமிர்வதும் குனிவதுமாக விறுவிறுவென்று எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு சத்தமில்லை. இத்தனை வருட வேலையில் இப்படி ஓர் ஒழுங்கை அவர் கண்டதில்லை. கண் கலங்கியது. இவர்களையா சந்தேகப்பட்டோம்?

கடைசிக் கேள்வியையும் அடித்து முடித்து, நிம்மதியாகச் சோம்பல் முறித்தார்.

கதவு தட்டப்பட்டது.

"யாரு?"

"வாட்ச்மேன் சார். ஹால்ல கடைசி வரிசைப் பசங்க சொல்லச் சொன்னாங்க. பெரிய திரையில நீங்க அடிக்கற ஏழாவது கேள்வி சின்னதா தெரியுதாம். கன்ட்ரோலோட பிளஸ்ஸை அழுத்தினீங்கன்னா எழுத்து பெருசாயிடுமாம்!"