ஹார்லன் மாடாக மறுத்த வருஷம்

இந்த ஹாலோவீனுக்கு வேஷம் கட்டுவதில்லை என்று ஹார்லன் க்னுட்சன் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது முடிவெடுத்தார். அறுபத்திரண்டு வயது. முப்பத்தைந்து வருஷம் மாவட்ட நெடுஞ்சாலைத் துறையில் பனி அள்ளும் வண்டிகளுக்கு உத்தரவு போட்டவர். விஸ்கான்சின் பனிக்காலத்தையே சமாளித்தவருக்கு ஒரு மனைவியைச் சமாளிக்க முடியாதா என்ன? மனுஷர் முதலில் வழுக்கியது இந்த நினைப்பில்தான்.

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. ஹாலோவீன் சாயங்காலம் லூத்தரன் தேவாலயத்து வாசலில் ஊர்க்காரர்கள் கார்களை வரிசையாக நிறுத்தி, டிக்கியைத் திறந்து வைத்து, வருகிற பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பார்கள். கொடுக்கிறவர்களும் வேஷத்தோடு நிற்க வேண்டும். கணவன் மனைவி என்றால் ஜோடி வேஷம். ஜோடியில் நல்ல பாதி எப்போதும் மனைவி வெர்னாவுக்கு. போன வருஷம் அவள் தேன் எடுப்பவள், இவர் தேனீ. மஞ்சள் காலுறை போட்ட அவர் தொடை உள்ளூர் வாரப் பத்திரிகையில் முழுசாக வந்தது. அதற்கு முந்தின வருஷம் அவள் மீன் பிடிப்பவள். மீன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

காலைச் சாப்பாட்டு மேஜையில் பேச்சைத் தொடங்கியது வெர்னாதான். ஹார்லன் அப்போது மசாலா டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஜூலையில் ஓய்வு பெற்றதிலிருந்து அடுக்களை அவர் நிர்வாகத்தில் இருந்தது. முதலில் டப்பாக்களை உயரப்படி வைத்தார், பிறகு நிறப்படி வைத்தார். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் தட்டுகள் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று படம் வரைந்து ஒட்டினார். வெர்னா மிளகுத்தூளைக் கண்ணால் பார்த்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

"இந்த வருஷம் நான் பால் கறக்கிறவ," என்றாள் வெர்னா, ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி. "நீ மாடு."

"மாடா?"

"கறுப்பு வெள்ளை மாடு. மடிகூட உண்டு. ரோஸ் கலர் ரப்பர் கையுறைல பஞ்சடைச்சுத் தெச்சுடலாம்."

"எனக்கு மடி வேண்டாம் வெர்னா."

"மடி இல்லாட்டி எருதுன்னு நெனச்சுக்குவாங்க. பால் கறக்க வந்தவ எருதுகிட்ட என்ன பண்ணுவா?"

ஹார்லன் பார்வையைத் திருப்பினார். சர்க்கரைக் கிண்ணத்தில் ஒரு காகிதம் சாய்ந்திருந்தது. உள்ளூர்த் தொடக்கப் பள்ளியின் அறிவிப்பு. மாற்று ஆசிரியர்கள் தேவை, எந்தப் பட்டமானாலும் சரி. அதை அங்கே சாய்த்து வைத்தது யார் என்று அவர் யோசித்திருக்கலாம். தப்பிக்க வழி தெரிகிற நேரத்தில் யார் யோசிக்கிறார்கள்?

"நான் வாத்தியார் வேலைக்குப் போகப் போறேன்," என்றார். "சாயங்காலம் மடியோட நின்ன வாத்தியார மறுநாள் எந்தப் பிள்ள மதிக்கும்?"

வெர்னா கத்தியைக் கீழே வைத்து, நிதானமாக யோசித்தாள்.

"ஒரு நாள் போய் நிக்கிறவன வாத்தியார்னு யாரு சொல்லுவா? வருஷம் முழுக்கப் போறவன்னா நீ சொல்றது ஞாயம். ஒரு நாள்னா, நான் மடி தெச்சுடறேன்."

அன்று மத்தியானமே ஹார்லன் பள்ளிக்கூடத்தில் இருந்தார். தலைமை ஆசிரியை திருமதி க்வாம் அவரைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டாள். மூன்றாம் வகுப்பு டீச்சர் பிரசவ விடுப்பில் போகிறாளாம். ஹாலோவீன் நாளான அக்டோபர் முப்பத்தொன்று முதல் ஜூன் வரை ஆள் வேண்டுமாம். ஹார்லன் ஒரு தட்டில் மடியையும் இன்னொரு தட்டில் ஜூனையும் வைத்துப் பார்த்தார். ஜூன் லேசாகத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் வெர்னா பெருமூச்சு விட்டாள். தனியாகவே நின்றுகொள்கிறேன் என்றாள். அந்த ராத்திரி ஹார்லனுக்கு வெற்றியின் தூக்கம். நடுவில் ஒரு தடவை விழித்து, பாவம் இவள் என்றுகூட நினைத்தார்.

முப்பத்தொன்றாம் தேதி காலை தன் பழுப்பு நிறக் கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தார். நடையில் அவரைக் கடந்து போனது ஒரு கெட்சப் புட்டி. அது நான்காம் வகுப்பு டீச்சர். பின்னாலேயே கடுகு சாஸ் புட்டி. பள்ளிக்கூடம் முழுக்க வேஷத்தில் இருந்தது. பிள்ளைகள் இந்த நாளை விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். மாட்டுப் பயத்தில் மறந்துபோயிருந்தார்.

வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள் அவரை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"நீங்க என்ன வேஷம்?" என்றாள் ஒரு தேவதை.

"வேஷமில்ல. நான் உங்க புது டீச்சர்."

"அந்தக் காலத்து வாத்தியார் வேஷம்," என்று விளக்கினான் ஒரு எலும்புக்கூடு. "எல்லாம் கரெக்டா இருக்கு. மூக்குதான் ஒட்டவெச்ச மாதிரி தெரியுது."

தேவதை கிட்டே வந்து மூக்கை இழுத்துப் பார்த்தாள். நல்ல கோந்து என்று வகுப்புக்குத் தெரிவித்தாள்.

பத்து மணிக்கு ஊர்வலம். பெற்றோர்கள் வாகன நிறுத்தத்தைச் சுற்றி நின்று கைதட்ட, ஹார்லன் கோட்டு டையோடு இருபத்தாறு பேருக்கு முன்னால் நடந்தார். ஆசிரியர்களில் சிறந்த வேஷத்துக்கான பரிசு அவருக்கே கிடைத்தது. இது என் சொந்தக் கோட்டு என்று சொல்ல வாயெடுத்தார். கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை. நீல ரிப்பன் நெஞ்சில் ஏறியது. வாரப் பத்திரிகைக்காரன் படம் எடுத்துக்கொண்டான்.

பள்ளி விட்டதும் திருமதி க்வாம் கூப்பிட்டு அனுப்பினாள். அவள் பூசணிக்காயாக இருந்தாள். நாற்காலி கொள்ளாததால் நின்றுகொண்டே பேசினாள்.

"உங்கள மாதிரி முன்யோசனை உள்ளவங்க அபூர்வம் சார். கைரேகை, சான்றிதழ்னு இந்த வாத்தியார் லைசென்ஸுக்கு எல்லாரும் வாரக்கணக்கா அலைவாங்க. உங்களுது செப்டம்பர்லயே தயாரா இருந்துச்சே."

"செப்டம்பர்லயா?"

"உங்க வீட்டம்மா எதுவும் சொல்லலியா?"

செப்டம்பர் ஞாயிற்றுக்கிழமை ஒன்று ஹார்லனுக்கு ஞாபகம் வந்தது. டிவியில் கால்பந்து. ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம். தேவாலயத்துப் பிள்ளைகளுக்கு உதவி செய்ய என்று வெர்னா ஒரு கட்டுக் காகிதத்தை அவர் மடியில் வைத்துக் கையெழுத்து வாங்கினாள். மறுநாள் கைரேகை எடுக்கவும் அவளே காரில் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே அவர் பெயரைச் சரியாக உச்சரித்தார்கள் என்று சந்தோஷப்பட்டது வேறு நினைவுக்கு வந்தது.

நான்கு மணிக்குக் கோபத்தோடு வீட்டுக்குள் நுழைந்தார். அடுக்களை மேஜையைச் சுற்றி வெர்னாவும் மூன்று தோழிகளும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு நாற்காலி இல்லை.

"செப்டம்பர்ல என்கிட்ட எதுல கையெழுத்து வாங்கின வெர்னா?"

"நீ வாத்தியாராகற காகிதத்துல," என்றாள் அவள், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரிப்பன் அழகா இருக்கே."

தோழிகள் சீட்டுகளை மிகவும் கவனமாகப் பார்த்தார்கள். இது அவர் வீடு. அவர் அடுக்களை. ஒரு தடவையாவது கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்கட்டும் என்று நிமிர்ந்து நின்றார்.

"ஜூன்ல பள்ளிக்கூடம் மூடிடுவாங்க. அப்புறம் காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். ஞாபகம் வெச்சுக்கோ."

"கோடைப் பள்ளி ஜூன் பதினஞ்சுல ஆரம்பிக்குது," என்று வெர்னா ஒரு சீட்டை இறக்கினாள். "அது ரெண்டாம் பக்கத்துல இருந்துச்சு."