வாக்கில்லாதோர் வாங்கில் செனட்டர்

செனட்டரைப் போல ஒரு பிடிவாதக்காரர் அமெரிக்காவிலும் இல்லை, யாழ்ப்பாணத்திலும் இல்லை. என்னை இந்த நாட்டுக்குள் விட்டிருக்கக் கூடாது என்று நினைத்தவர்கள் பலர் இருக்கலாம். நான் ஊற்றிக் கொடுத்த கோப்பியைக் குடித்தபடி அதைத் தினமும் என் முகத்துக்கு நேரே சொன்னவர் அவர் ஒருவர்தான்.

எண்பதுகளின் பின்பாதி. சுவிஸில், பேர்ணிலிருந்து மலைப்பக்கம் போகும் பஸ் கடைசியாக நிற்கும் ஊர். அங்கே ஒரு சின்ன ஹோட்டலில் எனக்குக் கோப்பை கழுவும் வேலை. இங்கிலீஷ் தெரிந்ததால் செனட்டருக்குக் காலைச் சாப்பாடு கொண்டுபோவதும் என் தலையில் விழுந்தது. அவர் அந்த ஹோட்டலிலேயே குடியிருந்தவர். மனிதரை விட மாடு கூடின ஏதோ ஒரு அமெரிக்க மாநிலத்தில் மாட்டுத்தீனி விற்று, அங்கிருந்து செனட்டுக்குப் போய், மூன்று தவணை இருந்தவர். ஒரு சட்டமும் கொண்டுவந்ததில்லை. அதுதான் அவருடைய பெருமை.

"கொண்டுவாறதுக்கு ஆக்கள் நிறைய. நிப்பாட்டுறதுக்குத்தான் ஆள் இல்லை," என்பார். (ஆங்கிலத்தில்தான் சொன்னார். எனக்கு இப்போது எல்லாம் யாழ்ப்பாணத் தமிழிலேயே ஞாபகம் வருகிறது.)

பிடிக்காத சட்டம் வந்தால் எழும்பி நின்று மணிக்கணக்காகக் கதைத்தே அதைக் கொன்றுவிடுவாராம். கடைசியில், சொந்த ஊருக்கு அரசாங்கம் கட்டித்தர வந்த பாலத்தையும் எதிர்த்தார். தேவையென்றால் ஊர்க்காரர்களே கட்டட்டும் என்றார். ஆற்றின் இரண்டு கரைக்காரர்களும் முதல்முறையாக ஒன்றுசேர்ந்து அவரைத் தோற்கடித்தார்கள்.

தோற்றதும் மனைவியின் ஊருக்கு வந்தார். அந்த அம்மா இந்த மலைக்காரி. வந்த மறு வருடமே மனைவி இறந்துபோனார். செனட்டர் திரும்பிப் போகவில்லை. ஜெர்மன் ஒரு சொல்லும் படிக்கவும் இல்லை.

ஹோட்டலிலும் அவர் எதிர்க்கட்சிதான். புதுத் திரைச்சீலையை எதிர்த்தார். கோடைகாலத்துக்கு மணிக்கூட்டை முன்னுக்குத் திருப்புவதை எதிர்த்து, ஆறு மாதம் எல்லாச் சாப்பாட்டுக்கும் ஒரு மணித்தியாலம் பிந்தியே வந்தார்.

"நான் பதவியிலை இருந்திருந்தால் உன்னை உள்ளுக்கு விட்டிருக்க மாட்டன்."

"ஓம் சேர். முட்டைக்கு மிளகாய்த்தூள் போடவோ?"

"நிறையப் போடு."

நாங்கள் ஆறு பேர். யுத்தம் வந்தால் ஊர்ச்சனம் ஒளிப்பதற்கென்று தீயணைப்பு நிலையத்துக்குக் கீழே கட்டிய பங்கரில் அகதிகளான எங்களை வைத்திருந்தார்கள். ஜன்னல் இல்லை. "ஊரிலை பங்கருக்குள்ளை கிடந்தது காணாதெண்டு இஞ்சையுமோ?" என்பார் எங்களில் மூத்தவரான தவம் அண்ணை. பூட்டிக் கிடந்த பழைய பள்ளிக்கூடத்தை எங்களுக்குக் கொடுப்பதா இல்லையா என்று ஊர்க்கூட்டம் முடிவெடுக்கவிருந்தது. இல்லையென்றால் ஆளுக்கொரு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். கிடைத்த வேலையும் போகும்.

கூட்டம் சனிக்கிழமை பின்னேரம். வாக்கில்லாதவர்கள் இருக்க ஓரமாக ஒரு மரவாங்கு. அதில் நாங்கள் ஆறு பேர். ஏழாவதாக, டை கட்டிக்கொண்டு, செனட்டர்.

"வெளிநாட்டுக்காரர் இதிலைதான் இருக்க வேணுமாம்," என்று என்னிடம் முறைப்பாடு வைத்தார். "தள்ளி இரு."

எதிர்த்துப் பேசியவர்கள் கெட்டவர்கள் இல்லை. சும்மா கொடுத்துப் பழக்கினால் எங்கே போய் முடியுமோ என்ற பயம். திடீரென்று செனட்டர் எழும்பினார். வாங்கில் இருப்பவர்கள் பேசக் கூடாது. தலைவர் தயங்க, பின்னாலிருந்து ஒரு கிழவர், "எங்கள் ஊர் மாப்பிள்ளைதானே," என்றார். இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். மொழிபெயர்க்க நான்.

"பள்ளிக்கூடத்தைக் குடுக்கிறதை நான் எதிர்க்கிறன்," என்று தொடங்கினார்.

தவம் அண்ணை என் சேர்ட்டைப் பிடித்து இழுத்தார்.

"என்னவாம்?"

"குடுக்க வேண்டாமாம் அண்ணை."

"அப்ப நீ என்னத்துக்கடா அதைச் சொல்லப்போறாய்? வேறை ஏதும் சொல்லு."

சொல்லியிருக்கலாம். முன்வரிசையில் ஆங்கிலம் தெரிந்த ஆசிரியை ஒருவர் இருந்தார் என்பது ஒரு காரணம். மற்றது, எதையும் முகத்துக்கு நேரே சொல்லும் மனிதரின் பேச்சை அவருக்குத் தெரியாமல் திருத்த எனக்கு மனம் வரவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னேன். சபை தலையாட்டியது.

"வளர்ந்த ஆம்பிளையளுக்கு அரசாங்கம் சும்மா வீடு குடுக்கக் கூடாது. நிலத்துக்குக் கீழை அடைச்சு வைச்சுத் தீன் போடவும் கூடாது. மாட்டுக்குக்கூட நாங்கள் அப்பிடிச் செய்யிறேல்லை. இவங்கள் வேலை செய்யிறாங்கள். வாடகைக்கு விடுங்கோ. கூரை ஒழுகினால் அவங்களே ஏறித் திருத்தட்டும்."

அதையும் அப்படியே ஜெர்மனில் சொன்னேன். சபையில் இப்போது ஒருவரும் தலையாட்டவில்லை. யோசித்தார்கள்.

அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். தலைவர் மணியை அடித்தார். மணிச் சத்தம் கேட்டதும் செனட்டருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. பழைய பாலத்துக் கதைக்குப் போனார். அரை மணித்தியாலம் நானும் என் அரைகுறை ஜெர்மனில் அந்தப் பாலத்தைத் தடுத்துக்கொண்டிருந்தேன். பால் கறக்கும் நேரம் தாண்டியது. கடைசியில் ஒரு விவசாயி எழும்பி, வாடகை என்றால் தனக்குச் சம்மதம், மாடுகள் கத்துகின்றன, தயவுசெய்து வாக்கெடுங்கள் என்று கெஞ்சினார்.

ஆதரவுக் கைகள் உயர்ந்தன. என் பக்கத்திலும் ஒன்று. எண்ணிக்கொண்டு வந்தவர் அந்தக் கையைப் பார்த்து, மரியாதையாகத் தலையைத் தாழ்த்தி, எண்ணாமல் கடந்து போனார்.

"வாக்கில்லையே, பிறகேன் தூக்குறார்?" என்று தவம் அண்ணை காதுக்குள் கேட்டார்.

"தெரியேல்லை அண்ணை."

இரண்டு தரம் எண்ணினார்கள். பள்ளிக்கூடம் எங்களுக்கு.

அதற்குப் பிறகு ஞாயிறு மத்தியானங்களில் செனட்டர் எங்களிடம் சாப்பிட வரத் தொடங்கினார். எங்களை ஏன் இந்த நாட்டுக்குள் விட்டிருக்கக் கூடாது என்று, கரண்டியும் கையுமாக எழும்பி நின்று, முதலிலிருந்து விளக்குவார். அவர் திரும்ப உட்காரும்வரை ஒருவரும் சாப்பாட்டுக் கோப்பையில் கை வைப்பதில்லை.

"ஆறினால் ஆறட்டும்," என்பார் தவம் அண்ணை, சோற்றை மூடிவைத்துக்கொண்டு. "மனுசன் கதைச்சு முடிக்கட்டும்."