ஆட்டந்தொரையை அப்புறப்படுத்திய விதம்

கயிறு கட்டியாகிவிட்டது. இழுக்கத்தான் ஆளில்லை.

செங்கோட்டையன் கயிற்று நுனியைப் பிடித்தபடி சந்தைத் திடலின் நடுவில் நின்றார். அவர் பஞ்சாயத்து போர்டு குமாஸ்தா. மறு நுனி ஹாட்டன் என்ற வெள்ளைக்காரத் துரையின் சிலை இடுப்பில் இருந்தது. ஊர்க்காரர்கள் வாயில் அவர் ஆட்டந்தொரை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழு, ஆகஸ்டு பன்னிரண்டு, செவ்வாய்ச் சந்தை. வெள்ளிக்கிழமை காலையில் துரை நிற்கும் இடத்தில் கொடிக்கம்பம் நட வேண்டும் என்பது போர்டு தீர்மானம்.

"ஏனுங்க, ஆளுக்கு ஒரு கை புடிங்க."

"நானு புடிக்க மாட்டனுங்க," என்றார் வெற்றிலைக் கடை சின்னுசாமி. "ஏரிக்குக் கரை கட்டிக் குடுத்த மகராசன்."

"கட்டுனது அவனா? மண்ணுச் சொமந்தது ஆரு?" என்று பாய்ந்தார் போர்டு தலைவர் நாச்சிமுத்து. "கூலி கேட்டவனைச் சாட்டையில வீசுனவன்யா இவன். இன்னும் இந்த மூஞ்சியிலயா முழிக்கறது?"

இரண்டு பேரும் சொன்னது நிஜம். அதுதான் சங்கடம்.

செங்கோட்டையனுக்கு வெளியே சொல்ல முடியாத இன்னொரு சங்கடமும் இருந்தது. துரை சாட்டை எடுத்ததை அவர் பார்த்ததில்லை. முப்பத்தைந்து வருஷமாகக் கல்லாகத்தான் பார்த்து வந்திருக்கிறார். தொரைக்குத் தெற்கே மிளகாய், வடக்கே மாடு என்றுதான் சந்தையே நடந்தது. காணாமல்போன பிள்ளைகளைத் துரையின் காலடியில்தான் தேடுவார்கள், அங்கேதான் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த வருஷம், மல்லசமுத்திரத்திலிருந்து பருத்தி விற்க வந்த சௌந்திரம், "தொரைகிட்ட நில்லுங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு மணி நேரம் கழித்துத் தன் அப்பாவோடு வந்தாள். அந்த இரண்டு மணி நேரமும் அவருக்குத் துணையாக நின்றது துரை மட்டும்தான். அவருக்கு வாழ்க்கைப்பட்ட சௌந்திரம் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. இப்போதும் சந்தை நாளில் அந்தப் பக்கம் போனால் அவர் கால் கொஞ்சம் தயங்கும்.

"ஆள் கெடைக்கற வரைக்கும் மூஞ்சியவாச்சும் மூடுய்யா!" என்றார் தலைவர்.

செங்கோட்டையன் புதுக் கோடி வேட்டி ஒன்று வாங்கி வந்து, தொப்பி முதல் பூட்ஸ் வரை சுற்றி முடிச்சுப் போட்டார். பிரச்சினை தீர்ந்தது என்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்.

புதன்கிழமை காலையில் வந்து பார்த்தால் சிலையடியில் மூன்று அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மோர் விற்கும் பாப்பாயி பொங்கல் பானையில் மஞ்சள் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன பாப்பாயி இது?"

"எங்ககிட்டச் சொல்லாமயே பண்றீங்களேங்க! வெள்ளிக்கெழம விசேசம்னு தமுக்கு அடிச்சீங்க. கோடித் துணியில மூடி வெச்சிருக்கீங்க. கண்ணுத் தெறக்கறதுக்குத்தானுங்களே? தொரை சாமியாயிட்டாருன்னு ஊரே பேசிக்குது."

செங்கோட்டையன் ஓடிப்போய் ஒரு பலகை கொண்டு வந்தார். சுண்ணாம்பைக் குழைத்து, மேல் வரியில் 'இது சாமி', கீழ் வரியில் 'அல்ல' என்று பெரிதாக எழுதிச் சிலையின் கழுத்தில் மாட்டினார்.

மத்தியானம் மழை கொட்டியது. துரையின் அகலத் தொப்பி மேல் வரியைப் பத்திரமாகக் காப்பாற்றியது. கீழ் வரியைக் காப்பாற்றவில்லை.

சாயங்காலத்துக்குள் பதினோரு தேங்காய் உடைந்தது. ஒருவர் ஜலகண்டாபுரத்திலிருந்து மொட்டை போட வந்துவிட்டார்.

"வெள்ளைக்காரனைப் போகச் சொன்னா, நீ கோயல் கட்டிட்டியேய்யா!" நாச்சிமுத்து தலையில் கை வைத்துக்கொண்டார். "நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள இந்த ஆளு இங்க இருக்கப்படாது. இருந்தா நீயும் அவங்கூடவே கப்பல் ஏறிக்கலாம்."

வியாழக்கிழமை காலையில் செங்கோட்டையன் கந்தவேலின் கட்டை வண்டியைப் பிடித்து வந்தார். மறுபடியும் தூக்க ஆளில்லை. வேறு வழியில்லாமல் ஒரு பொய் சொன்னார்.

"சாமி ஊர்வலம் போவுதுங்க!"

நாற்பது பேர் ஓடி வந்தார்கள். செவ்வாய்க்கிழமை கை கொடுக்காத சின்னுசாமிதான் முதல் தோள் கொடுத்தார். மேளம் வந்தது. துரை வண்டியில் படுத்தபடி ஊரை விட்டுப் புறப்பட்டார். அவர் நின்ற இடத்தில் ஒரு குழி மட்டும் இருந்தது. அதைத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்றுதான் செங்கோட்டையன் நினைத்தார். இருந்தாலும் இரண்டு தடவை பார்த்தார்.

மல்லசமுத்திரத்தில் பயணிகள் தங்கும் முசாபரி பங்களாவின் பின்கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டுவிடலாம் என்பது அவர் திட்டம். ஏரிக்கரை ஏறும்போது அச்சு முறிந்தது. துரை சறுக்கிப்போய்ச் சேற்றில் மல்லாந்தார்.

"சாமி எடம் புடிச்சுட்டாரு!" என்று கத்தினார் சின்னுசாமி. "இனி இங்கிருந்து ஒரு அடி நகர மாட்டாருங்க!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அங்கேயே கோயில் என்று முடிவாயிற்று. சேதி கேட்டு நாச்சிமுத்து வந்து சேர்ந்தார். கூடவே கல்லுடைக்கும் தீர்த்தகிரி, தோளில் சம்மட்டியோடு.

"ஒடச்சு ஏரிக்குள்ள போடு."

தீர்த்தகிரி சம்மட்டியைத் தூக்கினான். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே செங்கோட்டையன் சேற்றில் இறங்கித் துரையின் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"வேண்டாங்க. கொடி ஏத்துங்க, நானும் கும்பிடறேன். இவரை எங்கியாச்சும் ஒரு மூலையில போட்டு வைங்க. ஒடைக்க வேண்டாங்க."

"எந்திரிய்யா! வேலை வேணுமா வேண்டாமா?"

"வேலை போனாப் போவட்டுங்க."

சொன்ன பிறகுதான் அவருக்கே பயம் வந்தது. மேளம் நின்றது.

கரைக்குக் கீழே புல் அறுத்துக்கொண்டிருந்த பெருமாயி சுமையை இறக்கி வைத்துவிட்டு மேலே வந்தாள். அறுபதை நெருங்கிய பண்ணைக் கூலிக்காரி. அவள் யாரையும் கேட்கவில்லை. சேற்றில் குந்தி, வேட்டியின் முடிச்சை அவிழ்த்து, முந்தானையை ஏரித் தண்ணீரில் நனைத்துச் சிலையின் முகத்தை மெல்லத் துடைத்தாள். கண்ணோரத்துச் சேற்றைக்கூட விரல் விட்டு எடுத்தாள். அப்புறம் வெகுநேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம் பெருமாயி, நம்ம சனத்தைச் சாட்டையில அடிச்ச தொரைக்கா இத்தனை மருவாதி?" என்றார் நாச்சிமுத்து.

அவள் நிமிரவில்லை.

"தொரை ஏதுங்க சாமி? சிலை செய்யற ஆளு வந்த மறுநாளே அவரு வெயிலுத் தாங்காம ஏர்க்காட்டுக்குப் போயிட்டாரு. அவருக்குப் பதிலாத் தொரை பங்களாவுக்குள்ள ஆறு மாசம் அந்தத் தொப்பிய மாட்டிக்கிட்டு அசையாம நின்னது எங்கூட்டுக்காரருங்க."