எச்சில் பட்ட கத்தரிக்கோல்

ரொறன்ரோ முழுவதும் தேடினாலும், ஒரு கத்தரிக்கோலுடன் இருபது நிமிடம் பேசக்கூடிய மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். எங்களுக்கு அவர் ‘பாலாபிஷேகம் அண்ணை.’ தாய் தகப்பன் வைத்த பெயரை அவருடைய வேலை அட்டையில் மட்டும் பார்த்திருக்கிறேன்.

தொண்ணூறுகளில் ஸ்காபரோ ஆஸ்பத்திரி ஒன்றின் பேஸ்மென்றில், ஒப்பரேஷன் ஆயுதங்களைக் கழுவித் தட்டில் அடுக்குவது எங்கள் வேலை. கழுவிய ஆயுதங்களின் மூட்டு இறுகாமலிருக்க அவற்றை ‘மில்க்’கில் முக்கவேண்டும் என்று முதல் நாள் சூப்பர்வைசர் அம்மா சொன்னார். அது பால் நிறத்தில் இருக்கும் ஒரு எண்ணெய்த் தண்ணீர். அண்ணையோ கன்ரீனுக்கு ஓடிப்போய் ஒரு பை பால் வாங்கிவந்து, நுனியை வெட்டிவிட்டார். ஊற்றுவதற்குள் கையைப் பிடித்தேன்.

“அண்ணை, என்ன செய்யிறியள்?”

“அவதானே பால் எண்டவ? வெள்ளிக்கிழமையும் அதுவுமா, நல்ல விசயம் எண்டு நினைச்சன்.”

மற்றவர்கள் மூன்று தட்டு முடிப்பதற்குள் அவர் ஒன்று முடிப்பார். ஆயுதத்தை அகலத் திறந்து, மூட்டுக்குள் பிரஷ் விட்டுத் தேய்த்து, பூதக்கண்ணாடியில் பார்ப்பார்.

“வாயைத் திற ராசா. இன்னும் கொஞ்சம். உதென்ன உள்ளுக்க ஒளிச்சு வச்சிருக்கிறாய்?”

பொட்டளவு கறை கண்டாலும் “எச்சில்” என்று முழுத் தட்டையும் திரும்பக் கழுவுவார். கூட வேலைசெய்த போலந்துக்காரன் அதை மருத்துவச் சொல் என்று நம்பிக் கொப்பியில் எழுதி வைத்தான்.

இப்படியே போனால் யார் பொறுப்பார்கள்? இன்னொரு தட்டுப் பிந்தினால் வேலை இல்லை என்று அவரிடம் சொல்லும்படி சூப்பர்வைசர் என்னை அனுப்பினார். ஊரிலிருந்து மனைவி பிள்ளைகளை ஸ்பொன்சர் செய்து கனடாவுக்கு எடுக்க அவருக்கு இருந்த ஒரே பிடி அந்த வேலைதான். சொன்னேன். “ஓம் தம்பி” என்றார்.

அடுத்த கிழமை அதே ஆஸ்பத்திரியில் என் மனைவிக்கு சிசேரியன், மதியம் ஒரு மணிக்கு. பத்து மணிக்குப் பதைப்புத் தாங்காமல் கீழே போய்ப் பார்த்தால், அவளுக்குப் போகவேண்டிய தட்டு இவர் மேசையில்.

“எச்சில்” என்றார்.

“அண்ணை, உங்களைக் கும்பிடுறன், இண்டைக்கு மட்டும் விடுங்கோ. உங்கட வேலையும் போகும், என்ர உயிரும் போகும்.”

“ஆற்ர பெண்சாதி எண்டாலும் விடன். உன்ர எண்டால் விடுவனே?”

சூப்பர்வைசர் கோபத்தோடு வந்தார். இவர் இங்கிலீஷ் தேடி மினக்கெடவில்லை. பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்தார். தொப்புள்கொடி வெட்டும் கத்தரிக்கோல். மூட்டுக்குள் கடுகளவு காய்ந்த இரத்தம். அந்த அம்மா நெடுநேரம் பார்த்தார்.

“எச்சில்” என்றார், திருத்தமான தமிழில். பிறகு தானே மேலே தியேட்டருக்குப் போன் பண்ணி ஒப்பரேஷனை மூன்று மணிக்குத் தள்ளிவைத்தார். ஸ்பொன்சருக்கான வேலைக் கடிதத்தையும் அந்தக் கிழமையே அடித்துக் கொடுத்தார்.

அண்ணையை அதிகம் நக்கலடித்தவன் நான்தான். பிறந்த மகளின் தொப்புள்கொடி காய்ந்து, சுற்றிவரக் கிருமி பட்ட சிவப்புக்கூட இல்லாமல் விழுந்த அன்று, அவளைத் தூக்கிக்கொண்டு போய் முதலில் அவர் மடியில்தான் வைத்தேன்.