மாறுகிற மனேஜர்

"மனேஜர் போகத்தான் போறார், சிந்துஜன். எழுதி வைச்சுக்கொள்!"

தோட்ட ஆபீஸ் கிளாக்கர் ஆனந்தராசா இதை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினான். கத்த வேண்டுமென்று ஆசையில்லை. பலாங்கொடைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில், ஆபீசின் இந்த ஒரு ஜன்னலில்தான் போனுக்கு சிக்னல் வரும். அதுவும் இடுப்புவரை வெளியே சாய்ந்தால்தான். ஜன்னலுக்கு நேர் கீழே பிரட்டுக்களம். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பதும் மாலையில் தேயிலைக் கொழுந்து நிறுப்பதும் அங்கேதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து பேசிக்கொண்டிருந்தது அவன் மனைவியின் தம்பி. பேச்சு, ஐரோப்பாவில் ஏதோ ஒரு சிவப்புச் சட்டை உதைபந்தாட்டக் கழகத்தின் மனேஜரைப் பற்றியது. அவர் நீலச் சட்டைக் கழகத்துக்குப் போகிறாராம்.

"போய் அங்கை என்னத்தைக் கிழிக்கப் போறார் அத்தான்?"

"அதைத்தான் நானும் சொல்லுறன். கிளப் மாறினாப் போல காணுமே? வயசும் போட்டுது. இனி எங்கை போனாலும் இஞ்சை மாதிரி வராது."

"தனியத்தான் போறாரோ?"

"விசரே உனக்கு? போற மனேஜர் எவனும் தனியப் போறேல்லை. தன்ர கையாளையும் கூட்டிக்கொண்டுதான் போவான். புதுசா வாறவன் பழைய ஆக்களை எல்லாம் வாங்கில குந்த வைச்சுடுவான்."

பின்னால் கோப்பை வைக்கும் சத்தம் கேட்டது. ஆபீசுக்கும் தோட்ட மனேஜர் வீரக்கோன் துரையின் பங்களாவுக்கும் தேநீர் ஊற்றும் புஷ்பம். வழக்கமாக அவள் "தேத்தண்ணி, ஐயா" என்பாள். இன்று ஒன்றும் சொல்லாமல், கொஞ்சம் வேகமாகவே போனாள்.

ஆனந்தராசா அதைக் கவனிக்கவில்லை. அவனுக்கு வேறு கவலை. மனைவி தயாளினி கேகாலையில் ஆசிரியை. கைக்குழந்தையோடு அங்கே தனியாக இருக்கிறாள். மாதம் ஒருமுறை போகும்போதெல்லாம் பிள்ளை அவனைப் பார்த்து, திருடன் வந்ததுபோல் வீரிட்டு அழுதது. போன தடவை பக்கத்து வீட்டுக்காரரே ஓடிவந்துவிட்டார். கேகாலையில் இதே கம்பனிக்கு ஒரு றப்பர் தோட்டம் உண்டு. மாற்றம் கேட்டிருந்தான். வீரக்கோன் துரை சனிக்கிழமை பதில் சொல்வதாகச் சொல்லியிருந்தார். அதுவரை துரையின் மனம் கோணாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

தேநீர் ஆறுமுன் தோட்டக் கமிட்டித் தலைவர் ஐயாவு வந்து நின்றார்.

"ஐயா, தொரை எப்ப போறாரு?"

"எங்கை போறார்?"

"அதத்தானே நாங்க கேக்குறோம். கிளப்ப மாத்திட்டாருன்னு நீங்கதான் சொன்னீங்களாம்."

தோட்டத்தில் கிளப் என்றால் ஒன்றுதான். சனிக்கிழமைகளில் துரைமார் போய்க் குடிக்கும் கிளப்.

"ஐயோ, அது பந்து விளையாடுற கிளப், ஐயாவு."

"ஆமாங்க. அங்க டென்னிஸ் பந்துதான் அடிப்பாங்க. நமக்குத் தெரியாதா?"

"இது வேறை மனேஜர்! வெளிநாட்டுக்காரன்!"

ஐயாவு அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். துரை ஆபீசில் யாரும் உட்காரச் சொல்லாமல் அவர் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

"வெள்ளக்காரனா வர்றான்?"

"இஞ்சை ஒருத்தரும் வரேல்லை!"

"சரிங்க ஐயா. நீங்க ஆபீஸ் ஆளு, வாயத் தொறக்க முடியாது. நாங்க பாத்துக்கிறோம்."

"என்னத்தைப் பாக்கப் போறியள்?"

ஐயாவு ஆறுதலாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அன்று மாலை அவனுக்கு ஒரு யோசனை வந்தது. படத்தைக் காட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. ஆபீஸ் கம்பியூட்டர் இன்டர்நெட்டில் அந்த உதைபந்து மனேஜரின் படத்தைத் தேடி, பெரிதாகப் பிரின்ட் எடுத்தான். கிடைத்த படத்தில் ஆள் மழையில் நனைந்துகொண்டு மைதான ஓரத்தில் நின்றார். மொட்டைத் தலை. கட்டிய கை. பல்வலிக்காரன் போல முகம். அதற்குக் கீழே தடித்த எழுத்தில் எழுதினான்: 'மாறுகிற மனேஜர் இவர்தான்.' ஆபீஸ் வாசல் அறிவித்தல் பலகையில் ஒட்டிவிட்டு நிம்மதியாகப் படுத்தான்.

காலையில் சத்தம் கேட்டு எழுந்தான். பலகையைச் சுற்றி முழுத் தோட்டமும் நின்றது.

"மாறி வர்ற மனேஜர் இவருதானாம்," என்று ஐயாவு எல்லோருக்கும் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயய்யோ, மூஞ்சியப் பாருங்களேன்," என்றாள் கொழுந்து பறிக்கும் ஷாமிளா. "இந்த மூஞ்சி நமக்கு முழுப்பேரு போடுமா?"

முழுப்பேர் என்றால் முழுநாள் சம்பளம். கொழுந்து குறைந்தால் அரைப்பேர்.

"அரப்பேரே போடமாட்டான்," என்றார் பின்னால் நின்ற ஒருவர். "மழைல நின்னு கையக் கட்டிக்கிட்டுப் பாக்குறான் பாரு. மழைக்குக்கூட நம்மள மலைய விட்டு எறங்க விடமாட்டான்."

"வீரக்கோன் தொரை கத்துவாரு, சரி. ஆனா மழைன்னா பங்களாவ விட்டு வெளிய வரமாட்டாருல்ல."

ஆனந்தராசா இடுப்பில் கட்டியிருந்த சாரத்தோடு ஓடிவந்தான்.

"மாறி வாறவர் எண்டு ஆர் சொன்னது? மாறிப் போறவர்! அதுவும் இஞ்சையிருந்து இல்லை!"

"அப்ப எங்கருந்துங்க?"

"சிவப்பிலயிருந்து நீலத்துக்கு!"

எல்லோரும் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அவன் படத்தைப் பிய்த்துக் கசக்கிச் சாரத்துக்குள் செருகினான்.

"பாத்தீங்களா," என்றார் ஐயாவு தாழ்ந்த குரலில். "மேல எடத்து உத்தரவு வந்துருச்சு. கிழிக்கிறாரு."

வெள்ளிக்கிழமை ஒருவரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகவில்லை. கோயில் மேளத்தோடு பங்களா வாசலில் போய் நின்றார்கள். வீரக்கோன் துரை வேலைநிறுத்தம் என்று நினைத்து, கையில் பொல்லுத் தடியோடு வந்தார். முன்னால் ஐயாவு மாலையோடு நின்றார்.

"மொகத மே? என்ன இது?" என்றார் துரை.

"தொரை எங்கள விட்டுட்டுப் போகக் கூடாது!"

"நான் எங்க போறது?"

"போகக் கூடாது!" என்று கூட்டம் கத்தியது. ஷாமிளா உண்மையாகவே அழுதாள். மொட்டைத் தலை அவளைக் கனவிலும் விடவில்லையாம்.

அந்தத் தோட்டத்தில் வீரக்கோனுக்கு இதுவரை கொடும்பாவிதான் கட்டியிருக்கிறார்கள். மாலை கட்டியதில்லை. மாலை கழுத்தில் விழுந்ததும் அவர் பொல்லைக் கீழே போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதையெல்லாம் யாரோ போனில் பிடித்து, டவுனுக்கு இறங்கியதும் பேஸ்புக்கில் போட்டார்கள். 'தோட்ட மக்களின் கண்ணீரில் நனைந்த மனேஜர்.' மாலைக்குள் பலாங்கொடைக் கடைத்தெரு முழுக்க அதைப் பார்த்திருந்தது.

ஆனந்தராசா ஜன்னலில் தொங்கிக்கொண்டு தயாளினிக்கு எல்லாவற்றையும் சொன்னான்.

"உங்களுக்கு ஏனப்பா உந்தப் பந்து வேலை?" என்றாள் அவள். "நாளைக்கு அவர் கோவத்தில மாட்டன் எண்டால் என்ன செய்யிறது? பிள்ளை பக்கத்து வீட்டுக்காரரை அப்பா எண்டு கூப்பிடத் தொடங்குவாள். சொல்லிப்போட்டன்."

சனிக்கிழமை துரை கூப்பிட்டார். ஆனந்தராசா வழி நெடுக மன்னிப்பை மனப்பாடம் செய்துகொண்டு போனான்.

வீரக்கோன் சிரித்துக்கொண்டிருந்தார். வாடிய மாலை சுவரில் தொங்கியது.

"கொழும்பு ஒபிஸ் வீடியோ பாத்திருக்கு, ஆனந்தராசா. கொடகவெல தோட்டத்தில ஸ்ட்ரைக். ஆளுங்க ரோட்ட மறிச்சுட்டாங்க. நான் போனாத்தான் சரிவருமாம். பெரிய தோட்டம். புரமோஷன்!"

"சேர் போறியளா?" என்றான் ஆனந்தராசா.

"போறேன். ஆனா ஒண்ணு சொல்லு. எனக்குத் தெரிய முந்தியே உனக்கு எப்பிடித் தெரியும்?"

"சேர், அது உண்மையில பந்து..."

"ஹரி, ஹரி. சரி, சொல்ல வேணாம். நல்ல கிளாக்கர் எங்கருந்து தெரியும்னு சொல்லமாட்டான்." துரை எழுந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உன்ட மாற்றமும் சைன் பண்ணியாச்சு. கொழும்புக்குச் சொல்லியாச்சு. திங்கக்கெழம பெட்டியக் கட்டு."

ஆனந்தராசா நன்றி சொன்னானா இல்லையா என்பது அவனுக்கே தெரியாது. ஆபீசுக்கு ஓடிவந்தான். ஜன்னலில் இடுப்பு வரை சாய்ந்தான்.

"தயா! சைன் வைச்சிட்டார்! திங்கக்கிழமை வாறன்! பிள்ளைக்குச் சொல்லு, அப்பா வாறார் எண்டு!"

மறுமுனையில் பிள்ளை சிரித்தது. அதைக் கேட்டுக்கொண்டே கண்ணை மூடினான்.

புஷ்பம் கோப்பையை மேசையில் வைத்தாள். இந்தத் தடவை போகாமல் நின்றாள். ஏதோ நல்லது செய்துவிட்ட முகம்.

"தேத்தண்ணி, ஐயா. கேகாலைக்குப் போயிட்டு, அங்கருந்தா கொடகவெலக்குப் போவீங்க?"

"நான் ஏன் கொடகவெலைக்குப் போகவேணும்?"

"என்னங்க இப்பிடிக் கேக்குறீங்க? போற மனேஜரு தன் கையாளையும் கூட்டிக்கிட்டுத்தான் போவாருன்னு நீங்க சொன்னத, நான்தானே தொரை காதுல போட்டேன்."